பேரேட்டின் பின்பக்கம்: 1942 நடைப்பாட்டு ஒன்றைப் பதித்த கதை

பின்னணி

இது பர்மாவில், ரங்கூனிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு சிறிய ஊரில், 2016 கடைசியில் தொடங்கி நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் யார் பெயரையும் எழுதவில்லை. ஊர்ப் பெயரையும் விட்டுவிட்டேன். நான் அந்த ஊர்க் கோயில் மண்டபத்தில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். பிள்ளைகள் என்னைச் ‘சயா’ என்றுதான் கூப்பிடும். வாத்தியாருக்குப் பர்மிய மொழியில் அதுதான் பேர். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள்தான், ஆனால் படிப்பதும் எழுதுவதும் கனவு காண்பதும் பர்மியத்தில்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் கதை புரியாது. 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் நகரத்தின் 4 லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழ்ப் பத்திரிகைகள் இங்கேயே அச்சாகி இங்கேயே விற்றன. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கானோர் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் இந்தியாவுக்கு நடந்தார்கள். போய்ச் சேராமல் வழியில் விழுந்தவர்கள் பல ஆயிரம். சுதந்திரம் வந்த பிறகு மிச்சமிருந்தவர்களுக்கு, ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த 1962 மார்ச் 2 வந்தது. நே வின் ஆட்சி 1964-ல் கடைகளை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்தது. மறுபடியும் லட்சக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். தனியார் பள்ளிக்கூடங்கள் அரசுடைமையாயின, தமிழ்ப் பத்திரிகைகள் நின்றன. எதை அச்சடிப்பதானாலும் தணிக்கைக்குக் கொடுத்து வாங்க வேண்டும் என்ற விதி 2012 ஆகஸ்டில்தான் போனது.

ஆக, எங்கள் ஊரில் தமிழில் எழுதிய பழைய தாள் எதுவும் கிடையாது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேரேடு கைக்கு வந்தது

2016 நவம்பரில் என் மாணவி ஒருத்தி (அப்போது அவளுக்கு 22 வயது) ஒரு துணி மூட்டையை எடுத்து வந்தாள். “சயா, பாட்டி இதைக் காட்டிட்டு வரச் சொல்லுச்சு. கொடுத்துட்டு வரச் சொல்லல” என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். உள்ளே சிவப்புத் துணி போர்த்திய நீளமான கணக்குப் புத்தகம். வட்டிக்கடைப் பேரேடு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘லாபம்’. எண்களெல்லாம் தமிழ் எண்கள். மாணவிக்கு ௧௨ என்பது பன்னிரண்டு என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பாட்டியின் அப்பா தாராவடி மாவட்டத்தில் ஒரு செட்டியார் கடையில் கணக்கு எழுதியவர். முதலாளி 1942 ஜனவரியில் கப்பல் ஏறும்போது, சண்டை முடிந்ததும் வந்து பாக்கி வசூலிக்கலாம், பத்திரமாக வைத்திரு என்று சொல்லிப் பேரேட்டை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. பேரேட்டின் முன்பாதியில் 1929 முதல் 1941 வரையிலான கடன் கணக்கு இருந்தது. பின்பாதியைத் தலைகீழாகத் திருப்பினால் ஒரு பாட்டு, 34 கண்ணிகள்.

பார்த்ததும் கேட்டதும்

பாட்டு வழிநடைச் சிந்து. பழனிக்கோ வேறு கோயிலுக்கோ நடந்து போகிறவர்கள், கூட வரும் பெண்ணிடம் சொல்வதுபோல, தாண்டும் ஊர்களையும் சத்திரங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு வகை அது. எழுதியவர் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர். சிறு வயதில் காவடிக் கூட்டத்தோடு நடந்தவராம். அகதியாக நடந்ததை எழுத உட்கார்ந்தபோது கைக்கு வந்த வடிவம் அதுவாக இருந்திருக்கிறது. முதல் கண்ணி இப்படி:

தாராவடி விட்டோமடி – பெண்ணே
தை மாசம் பத்தாம் தேதி
பேரேட்டைத் தூக்கிக்கிட்டுப் – பெண்ணே
பிள்ளைகளை நடக்க விட்டேன்

கோயிலுக்குப் போகும் சிந்தில் அடுத்த ஊர் வரவர மனம் குளிரும், கடைசியில் கோபுரம் தெரியும். இதிலும் ஊர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. புரோம் வருகிறது, ஐராவதி வருகிறது, அக்கரையில் படாங் வருகிறது. அங்கிருந்து அரக்கான் மலை ஏறித் தாவுங்கப் கணவாய் வழியாகக் கடற்கரைக்குப் போவதுதான் அன்றைக்குப் பலர் எடுத்த வழி. புரோமில் அகதிகளிடையே காலரா பரவியிருந்தது.

ஐராவதி ஆத்தோரம் – பெண்ணே
ஆயிரம் பேர் காத்திருந்தோம்
அக்கரைக்குத் தோணி உண்டு – பெண்ணே
ஆளுக்கொரு விலையும் உண்டு

21-ஆம் கண்ணியில் மலையடிவாரத்தில் பாட்டு திரும்பிவிடுகிறது. அதற்கப்புறம் வருவதெல்லாம் தாண்டிப் போன அதே ஊர்கள், பின்னாலிருந்து முன்னாக. கோபுரம் தெரியாமலே முடியும் வழிநடைச் சிந்து ஒன்றை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. போர் ஒரு பழைய வடிவத்தை என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் அந்த 21-ஆம் கண்ணியைத்தான் காட்டுவேன்.

1942 நடையைப் பற்றித் தமிழில் எழுத்து இல்லாமல் இல்லை. ரங்கூனில் ஜோதி பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மா நடந்தே இந்தியா போய்ச் சேர்ந்து அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். 1952-ல் வந்த பராசக்தி படம், ரங்கூனிலிருந்து போர்க்காலத்தில் ஊர் திரும்பும் அண்ணன் தம்பிகளை வைத்துத் தமிழ்நாட்டுச் சமூகத்தையே கேள்வி கேட்டது. ஆனால் இவையெல்லாம் போய்ச் சேர்ந்த கரையில் பிறந்தவை. அங்கே அச்சுக்கூடம் இருந்தது, படிக்க ஆள் இருந்தது. பாதி வழியில் திரும்பி இங்கேயே இருந்துவிட்டவர்கள் என்ன எழுதினார்கள் என்பதற்கு என் கண்ணில் பட்ட முதல் சாட்சி இந்தப் பேரேடு.

22, 23-ஆம் கண்ணிகள் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு வரிகள் கருப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. கோடு போட்டு அடித்த மாதிரி இல்லை. நிப்பை அழுத்தித் திரும்பத் திரும்பத் தேய்த்ததில் தாள் ஓரிடத்தில் கிழிந்தே போயிருந்தது. பாட்டியிடம் கேட்டேன்.

“அது எங்கம்மா அடிச்சது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தம்பி புரோமுல செத்தானே, அவனைப் பத்தி எது எழுதியிருக்குன்னு அப்பாகிட்ட விரல் வச்சுக் காட்டச் சொல்லுச்சு. அவர் காட்டினாரு. பேனாவைப் பிடுங்கி அடிச்சுப்புடுச்சு.”

தம்பிக்கு அப்போது இரண்டு வயது. பாட்டிக்கு எட்டு.

முதல் தவறு

நான் செய்தது. டிசம்பரில் பாட்டை நகலெடுத்தபோது ‘ஆத்தோரம்’ என்பதை ‘ஆற்றோரம்’ என்று திருத்தினேன். ‘நிக்குதடி’ ‘நிற்குதடி’ ஆயிற்று. ‘பொங்கி மடம்’ என்று இருந்ததைத் தமிழ்நாட்டில் யாருக்கும் புரியாதே என்று ‘பிக்குகள் மடம்’ ஆக்கினேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஐந்தாவது கண்ணியில் கையை உயர்த்தினார்.

“வாத்தியாரே, இது பாட வரல.”

வரல என்றால் வரவில்லைதான். அவர் மெட்டைப் போட்டுப் பாடிக் காட்டியபோது என் திருத்தம் ஒவ்வொன்றும் தாளத்தில் இடித்தது. அதற்கு முன்னால் இந்தப் பாட்டுக்கு மெட்டு உண்டு, அது ஒருவர் நினைவில் இருக்கிறது என்பதையே நான் கேட்டு வைக்கவில்லை. அன்றைக்கே திருத்தங்களை எடுத்துவிட்டு, இருப்பதை இருக்கிறபடியே எழுதுவது என்று முடிவு செய்தோம். பர்மியச் சொற்களுக்கு மட்டும் கடைசியில் பொருள் கொடுத்தோம்.

பெரிய விவாதம்: 29-ஆம் கண்ணி

திரும்பி வரும் வழியில், தாராவடிப் பக்கம், ஒரு பர்மிய விவசாயியின் வாசலில் தண்ணீர் கேட்டு நிற்கிறார்கள்.

கழனி எழுதி வாங்கின கை – பெண்ணே
கையேந்தி நிக்குதடி
பேரேட்டில் பேரு பார்த்தேன் – பெண்ணே
பானையில தண்ணி தந்தான்

இதைப் படித்த இரவு நான் பேரேட்டைத் திருப்பி முன்பக்கம் தேடினேன். அடுத்த கண்ணியில் ஊரும் பேரும் இருந்ததால் தேட முடிந்தது. 41-ஆம் பக்கத்தில் அந்த மனிதரின் கணக்கு இருந்தது. 1929-ல் விதைநெல்லுக்கும் மாட்டுக்கும் வாங்கிய கடன். வட்டி, வட்டிக்கு வட்டி. 1933-ல் ஒரே வரி: 12 ஏக்கர் எழுதிக்கொடுத்து நேர். கையெழுத்து பாட்டை எழுதிய அதே கையெழுத்து.

நாடு முழுக்க நடந்ததுதான் அந்தப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 1930-ல் உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் 6 சதவீதமாக இருந்த நிலம் 1937-38-ல் 25 சதவீதம். 1930 டிசம்பரில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான சயா சான் விவசாயிகள் கலகம் வெடித்ததும் இதே தாராவடியில்தான். அந்த ஆண்டு மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகளுக்கும் பர்மியக் கூலிகளுக்கும் வேலைக்காக நடந்த கலவரத்தின் சூட்டில் தோன்றியதுதான் தொபமா இயக்கம். ‘நாங்கள் பர்மியர்’ என்பதே அதன் பேர். ஆங் சான் உட்படச் சுதந்திரம் வாங்கிய தலைமுறை அதிலிருந்து வந்தது. பர்மிய இலக்கியத்திலும் அரசியலிலும் அந்த ஆண்டுகள் எப்படி ஊறியிருக்கின்றன என்பதை எனக்கு எடுத்துச் சொன்னது என் மாணவிதான். அவள் படித்த புத்தகங்கள் பர்மியம். நான் படித்தவை தமிழ். ஒரே ஊர், ஒரே வருடம், ஆனால் இரண்டு அலமாரி.

2017 மார்ச்சில் கோயில் மண்டபத்தில் ஏழு பேர் உட்கார்ந்து பேசினோம். செலவில் பெரும்பங்கு தர முன்வந்த பெரியவர் ஒருவர் 29-ஆம் கண்ணியை விட்டுவிடச் சொன்னார்.

“நம்மளை நாமே காட்டிக்கொடுக்கிற மாதிரி ஆயிரும் தம்பி. 2012, 2013-ல என்ன நடந்துச்சுன்னு பார்த்தீங்க. அடிச்சது முஸ்லிம்களைன்னாலும் அவங்க வாயில வந்த சொல்லு ‘கலா’தான். அந்தச் சொல்லு நம்மளையும் சேர்த்துத்தான்.”

‘கலா’ என்பது இந்திய வம்சாவளியினரை இழிவாகச் சொல்லும் பர்மியச் சொல். அவர் பயத்தைக் கோழைத்தனம் என்று நான் எண்ணவில்லை. 1964-ல் அவர் அப்பாவின் கடைக்குப் பூட்டுப் போட்டதை வாசலில் நின்று பார்த்தவர் அவர். என் மாணவி எதிர்த்தாள், மரியாதையோடுதான்.

“தாத்தா, பள்ளிக்கூடத்துல செட்டியார் நிலத்தைப் பிடுங்கினான்னுதான் கேட்டு வளர்ந்தோம். அந்தக் கதையில நம்ம ஆளு ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. இதுல திறந்திருக்காரு.”

நான் அவள் பக்கம். காரணம் இரண்டு. அந்தக் கண்ணியை எடுத்துவிட்டால் மீதி 33-ம் வெறும் துயரப் பாட்டு ஆகிவிடும். அதை எழுதியவர் அப்படி நினைக்கவில்லை. நடந்து போன தூரத்தில் அந்த மனிதருக்குத் தான் யார் என்ற எண்ணமே மாறியிருக்கிறது. மாறிய இடம் அந்த வாசல். இன்னொன்று, அவர் கடையின் கூலியாள். நிலம் அவருக்கு வரவில்லை. அப்படியிருந்தும் ‘எழுதி வாங்கின கை’ என்று தன் கையைத்தான் சொல்கிறார். முதலாளியைச் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

முடிவைப் பாட்டியிடமே விட்டோம். “அப்பா எழுதினதை மறைக்க நான் யாரு” என்றார். அடித்த எட்டு வரிகளுக்கும் அதே நியாயமா என்று மெதுவாகக் கேட்டேன். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சில எழுத்துகள் தெரியும் போலிருந்தது. பாட்டி தலையை ஆட்டினார். “அது அம்மா அடிச்சது. அதுவும் எழுத்துதான்.”

ஆகவே 29-ஆம் கண்ணி அப்படியே வரும், அதற்கு முன் மேலே சொன்ன நில விவரங்களோடு ஒரு பக்கம் வரும் என்று தீர்மானித்தோம். விவசாயியின் ஊரும் பேரும் உள்ள 30-ஆம் கண்ணியில் அந்த இரண்டு சொற்களை மட்டும் பெரியவரின் வேண்டுகோளுக்காக விட்டோம். சந்ததியார் இருக்கக்கூடும், அவர்களைக் கேட்கவில்லை என்பதால் அது சரியென்றும் பட்டது. எட்டு வரிகளின் இடத்தில் எட்டுக் கருப்புப் பட்டை. எதிர்ப்பக்கத்தில் பர்மிய மொழிபெயர்ப்பு, மாணவி செய்தது.

பதிவு

மெட்டைப் பதிவு செய்ய 2017 அக்டோபர் வரை தாமதித்தோம். அதற்குள் பாட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. 34 கண்ணிகளில் 18-லிருந்து 28 வரைதான் எடுத்தார். கைப்பேசியில் எடுத்தது. பின்னால் அடுப்படியில் குக்கர் விசில் கேட்கிறது. 21 முடிந்ததும் பாட்டி நிறுத்தினார். களைத்துவிட்டார் போல என்று பதிவை நிறுத்தப் போனேன். கையைப் பார்த்தேன். விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணி நேரம் அப்படியே தட்டிவிட்டு 24-ஐ எடுத்தார்.

பின்னர் நடந்தது

2018 பொங்கலன்று மண்டபத்தில் வெளியிட்டோம். ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த 150 பிரதி. அறுபது பேர் போல வந்தார்கள். பெரியவர் வரவில்லை, ஆள் அனுப்பி ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். இளம்பிள்ளைகள் பர்மியப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தமிழ்ப் பக்கத்தில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினார்கள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

அப்புறம் வீடுகளிலிருந்து தாள்கள் வர ஆரம்பித்தன. 1944-ல் நேதாஜியின் படைக்கு நகை கொடுத்ததற்கான ரசீது ஒன்று. மோரேயிலிருந்து வந்த கடிதக் கட்டு ஒன்று. அறுபதுகளில் தமிழ்நாட்டுக்குப் போய், இருப்புக் கொள்ளாமல் பர்மாவுக்கே திரும்ப நடந்து, மணிப்பூர் எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே குடியேறியவர்களின் ஊர் மோரே.

கூடவே ஒரு தப்பும் வெளிச்சத்துக்கு வந்தது. 19-ஆம் கண்ணியில், ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டை வண்டியை ஓட்டிக்கொண்டு போன கூட்டாளி ஒருவன் வருகிறான். பெயர் இல்லை, பட்டப்பெயர்தான். அந்தப் பட்டப்பெயரை எங்கள் ஊரில் ஒரு குடும்பம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் வகுப்புக்கு வருவது நின்றது. நான் போய்ப் பேசினேன். அவர்கள் மோர் கொடுத்தார்கள், முகம் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பாட்டியே சைக்காவில் (சைக்கிள் ரிக்‌ஷாவில்) ஏறி அந்த வீட்டுக்குப் போனார். பாட்டில் இல்லாத மிச்சத்தைச் சொன்னார்: வண்டியோடு போனவர் இரண்டு நாள் கழித்து அரிசியோடு திரும்பி வந்து இவர்களைத் தேடியிருக்கிறார். அதற்குள் தம்பி போய்விட்டான். அவர் வந்ததை அப்பா எழுதவில்லை. கோபமா, மறதியா, பாட்டிக்கும் தெரியாது. பிள்ளைகள் அடுத்த வாரம் வந்தார்கள்.

இதை அடுத்த பதிப்பில் குறிப்பாகச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தேன். பாட்டி 2019-ல் காலமானார்.

மறுபடி செய்வதானால்

முதல் நாளே மெட்டைப் பதிவு செய்வேன். எழுத்து எழுபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தது, தொண்டை அப்படிக் காத்திருக்காது. மற்றக் கண்ணிகளின் பாட்டு எங்களுக்கு இனிக் கிடைக்காது.

பாட்டில் வருகிற ஒவ்வொரு ஆளையும், பட்டப்பெயரையும்கூட, ஊரில் விசாரித்த பிறகே அச்சுக்குக் கொடுப்பேன். விவசாயியின் பெயரை மறைக்க யோசித்த எங்களுக்கு எங்கள் ஆள் ஒருவரின் பெயரை மறைக்கத் தோன்றவில்லை. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

திருத்தும் ஆசை வந்தால் யாரையாவது வாய்விட்டுப் பாடச் சொல்வேன்.

அந்த விவசாயியின் குடும்பத்தை அப்போதே தேடியிருப்பேன். சங்கடம், பழைய புண், என்ன கேட்பார்களோ என்று ஒத்திப்போட்டோம். 2020 ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் போய் விசாரிப்பது என்று மாணவி நாள் குறித்தாள். தண்ணீர் கொடுத்த கதையைத் தண்ணீர்த் திருவிழாவில் சொல்வது பொருத்தம் என்றாள். கொரோனா வந்தது. பிறகு 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் தெரியாத ஊருக்குள் போய் நிலத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிற நிலைமை இல்லை. இரண்டாம் பதிப்பும் நின்றது.

பேரேடு மாணவியின் வீட்டில், தகரப் பெட்டியில், வசம்பு போட்டு இருக்கிறது. 41-ஆம் பக்கத்தில் அவள் அடையாளத்துக்கு வைத்த சிவப்பு நூலை எடுக்கவில்லை.